கிட்டாரைப் பாட வைப்பது எப்படி? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் 'புளோ பை புளோ' என்ற வாத்திய இசைத் தொகுப்பைப் பற்றி முன்பு நான்கு வரி எழுதியிருந்தோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாட்டே இல்லாத ராக் இசைத்தட்டு என்கிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? யார் யார் வாசித்தார்கள்?

பதில்: ஜெஃப் பெக் 1944-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 60-களில் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் வாசித்து, பிறகு பாடகர்களை வைத்துச் சொந்தக் குழு நடத்தினார். 1975-இல் வெளிவந்த 'புளோ பை புளோ'வில் பாடகரே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பாடகர் நிற்கும் இடத்தில் கிட்டாரை நிறுத்தினார். மேக்ஸ் மிடில்டன் விசைப்பலகை, ஃபில் சென் பேஸ், ரிச்சர்ட் பெய்லி டிரம்ஸ். பெக்கையும் சேர்த்து அடிப்படைக் குழு நான்கு பேர்தான். தயாரிப்பாளர், பீட்டில்ஸ் தட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின். ஒன்பது உருப்படிகள், சுமார் 45 நிமிடம். அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. வாய்ப்பாட்டு இல்லாத தட்டுக்கு அது மிகப் பெரிய இடம்.

நம் வாசகர்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்துக் கொடுத்த 'அபோகலிப்ஸ்' தட்டைக் கேட்டுத்தான் பெக் அவரைத் தேடிப் போனார். அந்தக் குழுவை நடத்திய ஜான் மெக்லாஃப்லின்தான் எல். சங்கரின் வயலினையும் விக்கு விநாயக்ராமின் கடத்தையும் ஜாகிர் உசேனின் தபலாவையும் சேர்த்துக்கொண்டு 'சக்தி' குழுவை நடத்தியவர். ராக் எங்கேயோ, நம் இசை எங்கேயோ என்று நினைக்க வேண்டியதில்லை.

கேள்வி: நானும் நான்கு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். வேகமாக வாசிக்க வருகிறது. ஆனால் 'காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்' உருப்படியை வாசித்தால் வெறும் சுரமாகத்தான் விழுகிறது, பாட்டாக வரவில்லை. என்ன குறை, அண்ணே?

பதில்: தம்பி, அந்த உருப்படி முதலில் பாட்டாகத்தான் இருந்தது. ஸ்டீவி வொண்டர் எழுதியது. 1974-இல் சிரீட்டா என்ற பாடகி வரிகளோடு பாடி வெளியிட்டார். மறுவருடம் பெக் அந்த வரிகளை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் கிட்டாரில் கொண்டுவந்தார். வரி போய்விட்டது, ஆனால் வரி விட்டுப்போன மூச்சு அப்படியே இருக்கிறது. உங்கள் வாசிப்பில் இல்லாதது அந்த மூச்சுதான்.

நம் கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவர்களைப் பாருங்கள். கீர்த்தனையை முதலில் வாயால் பாடிப் பாடம் செய்த பிறகுதான் குழலில் வாசிப்பார்கள். எந்தச் சொல் எங்கே பிரிகிறது என்று தெரிந்தவர் வாசித்தால், கேட்பவருக்குச் சாகித்தியமே காதில் விழும். இங்கேயும் அதே வழிதான்.

முதலில் சிரீட்டாவின் பதிவைத் தேடிக் கேளுங்கள். கிட்டாரைத் தொடாமல் மெட்டை 'லா லா' என்று பாடிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எங்கெங்கே மூச்சு வாங்கினீர்களோ அங்கெல்லாம் தாளில் ஒரு கோடு போடுங்கள். வாசிக்கும்போது அந்தக் கோடு வரும் இடத்தில் கட்டாயம் கை நிற்க வேண்டும். பழகிய விரல் நிற்காது, ஏதாவது ஒரு சுரத்தைப் போட்டு இடைவெளியை நிரப்பப் பார்க்கும். அதைத் தடுத்துவிட்டால் பாதிக் குறை தீர்ந்தது.

அடுத்தது கம்பி இழுப்பு. இந்த உருப்படி சி மைனரில் அமைந்தது. சி-யை ஸட்ஜமாக வைத்தால் அந்தச் சுரவரிசை நம் நடபைரவி. மூன்றாவது கம்பியில் 12-ஆவது கட்டையை (ஃப்ரெட்) அழுத்தி ஒரு முறை வாசியுங்கள், அது பஞ்சமம். இப்போது அதே கம்பியில் 10-ஆவது கட்டைக்கு வந்து, அங்கிருக்கும் மத்திமத்தை அதே பஞ்சமத்துக்கு இழுங்கள். போய்ச் சேர்ந்ததும் நான்கு எண்ணிக்கை அப்படியே பிடித்திருங்கள். பெரும்பாலானவர்கள் பஞ்சமத்துக்கு ஒரு நூல் கீழேயே நின்றுவிடுகிறார்கள். இழுப்பது ஒற்றை விரலாக இருந்தால் அப்படித்தான் ஆகும். மோதிர விரல் இழுக்க, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியில் பின்னால் நின்று தாங்க வேண்டும். விசை விரலிலிருந்து வராமல், கதவுக் குமிழைத் திருப்புவதுபோல் மணிக்கட்டின் திருப்பத்திலிருந்து வர வேண்டும். சுருதிக் கருவியைப் போட்டு ஒரு நாளைக்கு இருபது முறை, முள்ளைப் பார்க்காமல் இழுத்து, நின்ற பிறகு பாருங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே இழுத்தால் கண் பழகும், காது பழகாது.

கம்பி கனமாக இருந்து கை வலித்தால் 10 எண் தடிமன் கம்பியிலிருந்து அதைவிட மெல்லிய 9 எண் கம்பிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: அதே உருப்படியின் தொடக்கத்தில் வயலின் போல ஒலி எழும்புகிறதே, அது என்ன கருவி? என் கிட்டாரில் முயன்றால் கரகரக்கிறது, ஒலியும் மங்கிவிடுகிறது.

பதில்: தனிக் கருவி எதுவும் இல்லை. கிட்டாரின் ஒலிக் குமிழ்தான். குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக் கம்பியை மீட்டி, மீட்டிய சத்தம் மறைந்ததும் சுண்டுவிரலால் குமிழைத் திருப்பித் திறந்தால், வில் தேய்ப்பதுபோல் ஒலி எழும்பும். மீட்டலுக்கும் திறப்புக்கும் நடுவே இம்மி நேரம் விட வேண்டும். சேர்த்துச் செய்தால் 'டக்' என்ற தொடக்கச் சத்தம் உள்ளே நுழைந்து மாயம் கலைந்துவிடும்.

இந்த உருப்படியில் பெக் வாசித்தது சேமூர் டங்கன் செய்துகொடுத்த கலப்புக் கிட்டார். உடம்பு ஃபெண்டர் டெலிகாஸ்டர், பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்கள்) கிப்சன் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் வகை. அதனால்தான் டெலிகாஸ்டரின் தெளிவும் கிப்சனின் கனமும் ஒன்றாகக் கேட்கின்றன.

கரகரப்புக்குக் காரணம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட், அதாவது சுழல் மின்தடை. நம் ஊர் ஈரத்தில் அதன் கார்பன் தடத்தில் அழுக்குப் பிடித்துவிடும். பின்மூடியைக் கழற்றி, மின்கருவிகளுக்கான காண்டாக்ட் கிளீனரை அந்த மின்தடையின் பக்கவாட்டுத் துளையில் ஒரே ஒரு பீச்சு பீச்சி, குமிழை முழு அளவுக்கு முப்பது முறை திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான் வேண்டாம். அது உள்ளே படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்தும் கரகரத்தால் பாட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் வாங்கி மாற்றுங்கள்.

குமிழைக் குறைக்கும்போது ஒலி மங்குவது வேறு கோளாறு. குறைக்கக் குறைக்க மேல்ஒலி முதலில் கசிந்து போகிறது. சுழல் மின்தடையின் மூன்று கால்களில், பிக்கப் கம்பி வந்து சேரும் காலுக்கும் நடுக் காலுக்கும் இடையே 0.001 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும், அதற்கு இணையாக 150 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் பற்றவையுங்கள். மேல்ஒலி அந்த வழியாகத் தப்பி வந்துவிடும். எலக்ட்ரானிக் சாமான் கடையில் இரண்டும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பற்றுக்கோலை ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் வைக்காதீர்கள், சுழல் மின்தடையின் உட்தடம் வெந்துவிடும். பற்றவைப்பதற்கு முன் கால்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்தக் கம்பி எங்கே என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

கேள்வி: 'ஷீஸ் எ வுமன்' உருப்படியில் கிட்டார் பேசுகிறதே! அதை நாங்களே செய்ய முடியுமா?

பதில்: அது டாக் பாக்ஸ். பெக் பயன்படுத்தியது கஸ்டம் நிறுவனம் செய்த 'பேக்' என்ற தோள்பை வடிவக் கருவி. பாடகரும் கிட்டார் கலைஞருமான பீட்டர் ஃப்ராம்ப்டன் இந்த ஒலியை உலகமெல்லாம் கொண்டுபோனது மறுவருடம், 1976-இல்.

பெட்டிக்குள் ஒரு ஒலிபெருக்கி டிரைவர். அதன் சத்தம் பிளாஸ்டிக் குழாய் வழியாக வாசிப்பவர் வாய்க்குள் போகிறது. வாயும் நாக்கும் அந்தச் சத்தத்தைச் சொல்லாக வளைக்க, எதிரே இருக்கும் மைக் அதைப் பிடிக்கிறது. தொண்டையிலிருந்து சத்தம் வரவே கூடாது. குழாயைக் கடைவாய்ப் பக்கம் வைத்து ஆ, ஈ, ஊ, ஓ என்று வாயை மட்டும் அசையுங்கள். வ, ய, ம நன்றாக எடுபடும், 'ஸ' எடுபடாது. குழாயை மைக் தாங்கியில் ஒட்டி, அதன் முனை மைக்கைத் தாண்டி நான்கு விரல் அளவு நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

நீங்களே பெட்டி செய்வதை நாங்கள் ஊக்கப்படுத்தவில்லை. வால்வு பெருக்கியின் ஒலிபெருக்கிக் கம்பியைக் கழற்றி, ஒன்றும் மாட்டாமல் ஒரு நிமிடம் வாசித்தாலே வெளியீட்டு மின்மாற்றி கருகிவிடலாம். டிரைவருக்குக் கீழ்ஒலியை அப்படியே அனுப்பினால் அதன் சவ்வு கிழியும். உள்ளேயே பெருக்கி வைத்து வரும் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். ஆளுக்கொரு குழாய் கட்டாயம். ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வைக்க வேண்டாம்.

கேள்வி: நான் உருமி மேளக் குழுவில் வாசிக்கிறேன். 'ஸ்கேட்டர்பிரைன்' உருப்படிக்கு எங்கள் டிரம்மர் எண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்குகிறது. அது என்ன தாளம்?

பதில்: ஒன்பது. மேல்நாட்டுக் கணக்கில் 9/8, நம் கணக்கில் சங்கீர்ணம். 'தகதிமி தகதகிட' என்று நான்கும் ஐந்துமாகச் சொல்லிப் பழகினால் பிடிபட்டுவிடும். உங்கள் டிரம்மர் எட்டிலேயே பழகியவர். எட்டாவது விழுந்ததும் கை தானாக முதல் அடிக்குப் போய்விடும், ஒன்பதாவது அடி விழுந்துபோகும்.

ஒரு வாரத்துக்கு டிரம்ஸை மூடி வையுங்கள். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஓர் எழுத்தாகச் சொற்கட்டைச் சொல்லி, 'தகதிமி'யின் முதல் 'த'வுக்கு மட்டும் கைதட்டுங்கள். சரியாக வந்ததும் ஒருவர் சொற்கட்டை ஒன்பதாகச் சொல்ல, இன்னொருவர் நான்காக மட்டும் தட்டட்டும். நான்கு ஒன்பது முப்பத்தாறு. அதனால் நாலாவது சுற்று முடிந்து ஐந்தாவது தொடங்கும் இடத்தில் இருவரும் ஒன்றாக முதல் அடியில் இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் வேகத்தை ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். ஒருநாளில் இருபது கூட்டினால் மறுநாள் பழைய தடுக்கல் திரும்பி வரும். உருமிக்காரராகிய நீங்கள் பக்கத்தில் நின்று சொற்கட்டைச் சத்தமாகச் சொன்னாலே டிரம்மருக்குப் பெரிய துணை.

கேள்வி: தோட்டத்துப் பழைய வீட்டிலிருந்து அப்பாவின் இசைத்தட்டுகளை எடுத்தேன். 'புளோ பை புளோ'வும் இருக்கிறது. தட்டு முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும் அம்மா. பூஞ்சணம் பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருக்கும், தட்டின் வைனலை அரிக்காது. அவசரப்பட்டு அப்படியே ஊசியை வைத்துவிடாதீர்கள். ஊசி பூஞ்சணத்தைப் பள்ளத்துக்குள் அரைத்துவிடும்.

மூக்குக்குக் கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வேலையைத் தொடங்குங்கள். காய்ந்த மென்மையான தூரிகையால் மேல்மாவைத் தட்டிவிடுங்கள். வடிகட்டிய நீர் 800 மில்லி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு கலந்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு பள்ளத்தில் காய்ந்து 'சடசட' என்று கேட்கும். நடுவிலுள்ள காகித வட்டத்தில் ஈரம் படாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தூரிகையை ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். பிறகு வெறும் வடிகட்டிய நீரால் இரண்டு முறை அலசி, தட்டு அடுக்கும் சட்டத்தில் நிறுத்திக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் அப்பளம்போல் வளைந்துவிடும்.

உள்ளுறைக் காகிதத்தை இரக்கப்படாமல் எறிந்துவிடுங்கள், பூஞ்சணம் குடியிருப்பது அதில்தான். புது உறை போடாமல் பழையதிலேயே வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் திரும்பி வரும். அட்டையை ஈரம் படாமல் துடைத்து, தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள்.

அப்பாவின் சேர்ப்பில் கனமான, கீழே விழுந்தால் உடையும் 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றுக்கு இந்தக் கலவை கூடாது. அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹால் பட்டால் கரையும். அவற்றுக்கு ஆல்கஹால் இல்லாத வடிகட்டிய நீரை ஈரத்துணியில் தொட்டுத் துடைப்பதே போதும்.

ஊசியின் பாரம் உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்தியிருக்கும் பகுதி) சொன்ன அளவில் இருக்கட்டும். பலவற்றுக்கு அது 1.5 கிராமிலிருந்து 2.5 கிராமுக்குள் வரும். தட்டு பாவம் என்று பாரத்தைக் குறைத்தால் ஊசி பள்ளத்தில் துள்ளி, முன்னைவிட மோசமாகக் கீறும்.

கேள்வி: தோட்ட மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது பெருக்கியில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது.

பதில்: உதட்டில் சுரீர் என்றால் ஒத்திகையை உடனே நிறுத்துங்கள். அது இரைச்சல் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. பெருக்கியோ மிக்ஸரோ பூமி இணைப்பு இல்லாமல் ஓடுகிறது. மூன்று முனைச் செருகியின் நீள முனையை உடைத்தோ, இரண்டு முனை மாற்றியில் மாட்டியோ யாராவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காகச் சிலர் அப்படிச் செய்வதுண்டு. அந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள். மண்டபத்தின் கசிவு மின்துண்டிப்பானில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். விழவில்லை என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்யும்வரை அங்கே வாசிக்கக் கூடாது. சரியான பிறகு மைக்கும் கிட்டாரும் ஒரே மின்பலகையிலிருந்து ஓடட்டும்.

வெறும் இரைச்சல் என்றால் கிட்டாரின் குமிழைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு பிக்கப் பக்கம், நிற்காவிட்டால் கேபிள் அல்லது பெருக்கிப் பக்கம். ஒற்றைச் சுருள் பிக்கப் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலை அப்படியே பிடிக்கும். நின்ற இடத்திலேயே கால்வட்டம் திரும்பினால் ஒரு கோணத்தில் அடங்கும், அந்தக் கோணத்தில் நின்று வாசியுங்கள். ஹம்பக்கரில் இரண்டு சுருளும் எதிர்எதிராக இருப்பதால் முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பழைய குழல்விளக்குகளையும் அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர், பாடகர் இல்லாமல் ஒரு தொகுப்பு பதிவு செய்ய ஆசை. பழைய தமிழ்ப் பாடல் இரண்டு, சொந்த மெட்டு நான்கு. வீட்டில் தகரக் கூரை. எப்படித் தொடங்குவது?

பதில்: வரி பாடாவிட்டால் உரிமம் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மெட்டுக்கும் உரிமையாளர் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி படைப்பாளி மறைந்து 50 ஆண்டு வரை அந்த உரிமை நீடிக்கும். எனவே இரண்டு பழைய பாடல்களுக்கும் வெளியீட்டு உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வெளியிடுங்கள். தியாகராஜர் கீர்த்தனை என்றால் அந்தத் தொல்லை இல்லை.

தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக் வேலைக்கு ஆகாது. கிட்டாரையும் பேஸையும் ஆடியோ இடைமுகப் பெட்டி வழியாக நேரடியாகக் கணினிக்குள் எடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபெலைத் தொட்டால் போதும். சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றினால் உடைந்த ஒலியைப் பிறகு ஒட்டவைக்க முடியாது. வறண்ட காலைப் பொழுதில் பெருக்கிக்கு முன்னால் மைக் வைத்து இன்னொரு தடமும் எடுங்கள். பெருக்கியின் முகத்துணியிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒலிபெருக்கிக் கூம்பின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே வையுங்கள். நடுவுக்கு நேராக வைத்தால் கூசும், ஓரத்தில் வைத்தால் மங்கும்.

வாத்தியத் தொகுப்பில் அடிக்கடி நேரும் தவறு, ஒவ்வொரு உருப்படியும் ஒரே கிட்டார் ஒலியில் இருப்பது. மூன்றாவது உருப்படியிலேயே காது சலித்துவிடும். பெக்கின் தட்டைக் கவனியுங்கள்: ஒன்றில் டாக் பாக்ஸ், ஒன்றில் குமிழ் வித்தை, கடைசி உருப்படி 'டயமண்ட் டஸ்ட்'டில் ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த வயலின் கூட்டம். மேக்ஸ் மிடில்டன் எழுதிய 'ஃப்ரீவே ஜாம்' மெட்டு எளிமையானது, ஒரு முறை கேட்டால் முணுமுணுக்க வரும். உங்கள் நான்கு சொந்த மெட்டுகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். மறுநாள் அவர்கள் வாயில் எது வருகிறதோ அதை முதல் உருப்படியாக வையுங்கள். எதுவுமே வரவில்லையென்றால், பதிவுக்கு முன் மெட்டைத் திருத்துங்கள்.

முடித்த கலவையை ஒரே ஒரு கைப்பேசி ஒலிபெருக்கியில் போட்டுக் கேளுங்கள். கிட்டார் அங்கே காணாமல் போனால், அகலமாக்கும் விளைவுக் கருவிகளை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறீர்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். உங்கள் தொகுப்பைப் பெரும்பாலானவர்கள் கேட்கப்போவது அந்தச் சின்ன ஒலிபெருக்கியில்தான்.